ஓய்வெடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்பது இடம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வார இணைப்பில் இரண்டு வாரங்களுக்கு முன்பு வெளியான, ஏரிக்கரையிலும் காயல் கரையிலும் விடுமுறையைக் கழிப்பது பற்றிய கட்டுரையை, பள்ளத்தூரில் எங்கள் வீட்டு முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தேன். படங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தன; நடையும் நன்றாகவே இருந்தது. ஆனால் கட்டுரையின் அடியில் கட்டம் கட்டிப் போட்டிருந்த பயணத் திட்டத்தைப் பார்த்தபோதுதான் இந்தக் கடிதத்தை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. மூன்று பகல், இரண்டு இரவு, ஒன்பது இடங்கள்; அதற்குத் தலைப்பு, மன அமைதி தேடுவோருக்கு என்பது. ஒன்பது இடங்களையும் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர், தேடிப் போன அமைதி அவற்றுள் எந்த இடத்தில் இருந்தது என்று சொல்ல முடியுமானால், அவரைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன்.

சுற்றுலாவைப் பற்றிப் பேச எனக்கென்று பெரிய தகுதி ஏதும் இல்லை. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். வெளிநாடு போனவனும் அல்லன். ஆனால் பிறர் சுற்றிப் பார்க்க வரும் சீமையில் பிறந்து, இன்னும் அங்கேயே குடியிருக்கிறேன். செட்டிநாட்டு ஊர்கள் 2014-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. எங்கள் தெருக்களில் வெளியூர் வேன்கள் வந்து நிற்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. காலை பத்து மணிக்குக் கானாடுகாத்தானில் இறங்குவார்கள். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு வீட்டை இருபது நிமிடத்தில் நடந்து முடித்து, தேக்குத் தூணில் கை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஆத்தங்குடிக்கு விரைந்து, கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டு ஊற்றுவதை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, காரைக்குடியில் சாப்பிட்டு, நடை திறக்கும் நேரத்துக்குப் பிள்ளையார்பட்டியில் இருப்பார்கள். இரவு மதுரையில் தங்கல். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நானும் வெளியூருக்குப் போனால் அப்படித்தான் பறந்திருக்கிறேன். இருந்தாலும் திண்ணையில் உட்கார்ந்து வருகிறவர்களையும் போகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு ஒரு வேறுபாடு தெரியாமல் போகாது. சென்ற ஆண்டு, எங்களுக்கு நான்கு வீடு தள்ளி விடுதியாக மாற்றப்பட்டிருக்கும் ஒரு வீட்டில் ஒரு தம்பதியர் மூன்று நாட்கள் தங்கினார்கள். பகலில் அறைக்குள் இருந்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் ஊருணிப் படியில் வந்து உட்காருவார்கள்; அவ்வளவுதான். செம்புறாங்கல் சுவரில் வெயில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் நாள் மாலை, குடத்தில் தண்ணீர் எடுக்க வந்த அம்மாள் ஒருவர், பாஷை தெரியாவிட்டாலும் நின்று, கையைக் குவித்துக் காட்டி, சாப்பிட்டாயிற்றா என்று அவர்களைக் கேட்டுவிட்டுப் போனார். வேனில் வந்த எவரையும் எங்கள் ஊரில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இனி என் சொந்த அனுபவம். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, பணி ஓய்வு பெற்ற மறுமாதமே, நானும் என் மனைவியும் அவருடைய அக்காளும் ஒரு பயண நிறுவனத்தின் ஏற்பாட்டில் கேரளத்துக்குப் போனோம். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. எல்லோரும் விற்கும் திட்டத்தைத்தான் அவர்களும் விற்றார்கள். முதல் இரவு மூணாறு, இரண்டாம் இரவு தேக்கடி, மூன்றாம் இரவு வேம்பநாட்டுக் காயலில் படகு வீடு, நான்காம் இரவு கோவளம். ஐந்து நாளில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் காரில் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு காலையும் பெட்டி கட்டுவதும் ஒவ்வொரு மாலையும் பெட்டி பிரிப்பதுமாகவே பொழுது போனது. மருந்துப் பை எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்பதைத் தேடித் தேடியே என் மனைவிக்கு இரத்த அழுத்தம் ஏறியிருக்கும்.

அந்தப் பயணத்தின் மகுடமாக எங்களுக்குச் சொல்லப்பட்டது படகு வீடு. நண்பகலில் ஏறினோம், கரிமீன் வறுவலோடு சாப்பாடு போட்டார்கள், இரண்டு மணி நேரம் காயல் உண்மையிலேயே மனத்தை விரியவைத்தது. மாலை ஐந்தரை மணிக்கு இயந்திரத்தை நிறுத்திக் கரையோரம் கட்டிவிட்டார்கள். மீனவர்கள் வலை போடும் நேரம் அது. அதற்குப் பிறகு படகு வீடுகள் ஓடக் கூடாது என்பது அங்குள்ள ஏற்பாடு, நியாயமான ஏற்பாடும்கூட. ஆனால் எங்களைப் போலவே கட்டப்பட்ட படகுகள் இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஆறு. இருட்டியதும் அத்தனை படகிலும் குளிர்சாதனத்துக்காக ஜெனரேட்டரைப் போட்டார்கள். நீர்மேல் டீசல் புகை படிந்தது. இரண்டு படகு தள்ளி இளைஞர்கள் பாட்டுப் பெட்டியை முழுச் சத்தத்தில் வைத்தார்கள். நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்த என் மனைவியின் அக்காள், “ஏன் தம்பி, இதுக்கு நம்ம ஊர்த் திருவிழாவுல ரேடியோ செட்டுக்குப் பக்கத்துலயே படுத்திருக்கலாமே, காசாவது மிஞ்சியிருக்கும்” என்றார். என்னிடம் பதில் இல்லை. காலை ஒன்பது மணிக்கு இறங்கிவிட வேண்டும் என்று எட்டரைக்கே வந்து நினைவூட்டினார்கள்.

குறை காயலுடையது அன்று, எங்களை அழைத்துப் போனவருடையதும் முழுக்க அன்று. ஓய்வு வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, கொடுத்த காசுக்கு எத்தனை இடம் என்று எண்ணிப் பார்த்தது நான்தான். அந்தப் பயணத்துக்குப் பின்பு இரண்டு ஆண்டு நாங்கள் எங்கும் போகவில்லை. மூன்றாம் ஆண்டு மறுபடி ஆசை வந்தபோது, ஒரே நீர்க்கரை, ஒரே வீடு, நான்கு இரவு என்ற அளவுக்குள் நின்றுகொண்டு நானே திட்டம் போட்டேன். அந்தத் திட்டத்தில் நான் கற்றுக்கொண்டவை மற்ற வாசகர்களுக்கும் பயன்படும் என்று நம்புவதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் ஆசிரியர் சுருக்கிக்கொள்ளலாம்.

முதலில் மாதம். நம்மவர்கள் விடுமுறை என்றால் மே மாதத்தையும், ஏரி என்றால் கொடைக்கானலையும்தான் நினைக்கிறோம். அந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வாங்க வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டி வந்ததைச் சொன்னால் போதும். கேரளத்துக் காயல் கரையோ மே மாதத்தில் புழுங்கித் தள்ளும். மாலையில் இடியும் மின்னலுமாக இருக்கும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். செப்டம்பரோடு அது ஓய்ந்தாலும், ஐப்பசி பிறந்தால் அவர்கள் துலாவர்ஷம் என்று சொல்லும் மழை, பிற்பகல் தோறும் கொட்டும். கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரையில் சபரிமலைக் கூட்டம். செங்கோட்டை, புனலூர் வழியாகப் போகும் எந்த வண்டியிலும் இருமுடியோடு சாமிமார்கள் நிறைந்திருப்பார்கள். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை வாடகை தாறுமாறாக ஏறிவிடும். எங்கள் பக்கத்திலோ அந்தச் சமயத்தில் பிள்ளையார் நோன்பு வந்துவிடும். அந்த நோன்பின் முக்கியச் சடங்கான இழை எடுத்துக்கொள்ளாமல் வீட்டை விட்டுக் கிளம்பப் பெண்கள் ஒப்ப மாட்டார்கள். அது முடிந்தால் பொங்கல், பிறகு தைப்பூசத்துக்குப் பழனி நடை. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால், பூசத்துக்கு நடந்தவர்களின் கால் வலி ஆறும் நேரம், அதாவது தைக் கடைசியிலிருந்து மாசி வரையிலான நான்கைந்து வாரங்கள் நம் கையில் மிஞ்சுகின்றன. அவைதாம் காயல் கரைக்கும் மிகப் பொருத்தமான வாரங்கள்: வானம் தெளிந்திருக்கும், விடியற்காலை குளிர்ந்திருக்கும், கூட்டமும் வடிந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குத் தேர்வுக் காலம் என்பதால் இது ஒத்துவராது. எங்களைப் போன்ற முதியவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

அடுத்தது எந்த நீர் என்பது. தங்கள் கட்டுரை கேரளத்துக் காயல்களையெல்லாம் ஒன்றுபோலவே எழுதியிருந்தது, அவை ஒன்றல்ல. வேம்பநாட்டுக் காயல் மிகப் பெரியது, மூன்று மாவட்டங்களில் பரந்தது. கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் குட்டநாட்டு வயல்களில் உப்பு ஏறாமலிருக்க, கோடையை ஒட்டிய மாதங்களில் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் மதகுகளை மூடி வைப்பார்கள். நெல்லுக்கு அது வேண்டியதுதான். ஆனால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்தால் மடிந்துபோகும் ஆகாயத்தாமரை, மதகு மூடியிருக்கும்போது செழித்துப் பரவிவிடுகிறது. நீரும் ஓட்டமில்லாமல் தேங்கி நிற்கிறது. கொல்லத்தை ஒட்டிய அஷ்டமுடிக் காயல் அப்படியில்லை. எட்டுக் கிளையாகப் பிரிந்து கிடப்பதால் அந்தப் பெயர். நீண்டகரையில் அது நேரே கடலோடு கலக்கிறது. அதனால் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், தினமும் உள்ளே வந்து போகிறது, தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்கிறது. வேம்பநாடு, அஷ்டமுடி, சாஸ்தாங்கோட்டை ஆகிய மூன்று நீர்நிலைகளும் 2002-ஆம் ஆண்டு ராம்சார் பட்டியல் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. சாஸ்தாங்கோட்டை நன்னீர் ஏரி. கேரளத்தில் அதைவிடப் பெரிய நன்னீர் ஏரி கிடையாது. கொல்லம் நகரத்துக்குக் குடிநீர் தருவது. நம் ஊருணியைப் போல அதைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு வருவதே மரியாதை. நாங்கள் தேர்ந்தெடுத்தது அஷ்டமுடியில், கல்லடை ஆறு வந்து சேரும் இடத்திலிருக்கும் மன்றோ துருத்து. துருத்து என்றால் ஆற்றிடைத் தீவு. திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக, அதாவது ஆங்கிலேயர்களின் பிரதிநிதியாக இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது.

போகும் வழியைப் பற்றித் தங்கள் கட்டுரை விமானத்தையும் வாடகைக் காரையும் மட்டுமே சொல்லியிருந்தது. காரைக்குடிக்காரர்களுக்கு ரயிலே இருக்கிறது. வேளாங்கண்ணியிலிருந்து எறணாகுளம் போகும் விரைவு ரயில், காரைக்குடி, மானாமதுரை, அருப்புக்கோட்டை, விருதுநகர், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்குப் போகிறது. இரவில் ஏறிப் படுத்தால் காலையில் கொல்லம். வாரத்தில் சில நாட்களே ஓடுகிறது என்பதால், தங்கும் வீட்டுக்குத் தேதி சொல்வதற்கு முன்பு ரயிலின் நாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு அவதிப்படுகிறார்கள். முன்பதிவு 120 நாளுக்கு முன்பே தொடங்கும் என்ற பழைய நினைப்பிலும் இருக்க வேண்டாம். 2024 நவம்பர் முதல் அது 60 நாளாகக் குறைந்துவிட்டது. செங்கோட்டை தாண்டியதும் தூக்கத்தை விட்டு எழுந்துவிடுவது நல்லது. 1904-இல் மீட்டர்கேஜாகத் தொடங்கி, அகலப் பாதையாக மாறி 2018-இல் மறுபடி முழுமையாகத் திறக்கப்பட்ட மலைப்பாதை அது. தென்மலைக்கு அருகே பதிமூன்று கண் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்தபோது விடிந்துகொண்டிருந்தது. கீழே ரப்பர்த் தோட்டத்தில் பனி. கட்டிச் சோறாகக் கொண்டுபோன புளியோதரையை என் மனைவி அப்போதே பிரித்துவிட்டார்.

தங்கும் வீட்டை முடிவு செய்வதற்கு முன்பு நான் தொலைபேசியில் கேட்ட கேள்விகளைக் கேட்டு, அந்த வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். அறைக்கும் தண்ணீருக்கும் நடுவே எத்தனை படி, படிக்குக் கைப்பிடி உண்டா, மேற்கத்தியக் கழிவறை இருக்கிறதா, மின்சாரம் போனால் ஜெனரேட்டரா இன்வெர்ட்டரா, பக்கத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறதா, கோயில் திருவிழா எந்தத் தேதியில், ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவார்களா. கடைசிக் கேள்வியைக் கேட்டதும், நீங்கள் தமிழ்நாடுதானே என்றார். கரைமேல் இருக்கும் இரண்டறை வீடு. முன்னால் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மா மரம், அதற்கப்பால் காயல். குளிர்சாதன வசதி கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டார். அதனால்தான் முடிவு செய்தோம்.

முதல் நாள் மாலையிலேயே எனக்குக் கை அரித்தது. சடாயுப்பாறை பக்கம்தானே, ஒரு கார் வைத்துப் போய்விட்டு வரலாமா என்று கேட்டேன். இரண்டு பெண்களும் என்னைப் பார்த்த பார்வையில் பேச்சை விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் விடியற்காலை ஆறு மணிக்குச் சின்ன வள்ளத்தில் ஏறினோம். இயந்திரம் இல்லாதது; பின்னால் நின்று மூங்கில் கழியால் ஊன்றித் தள்ளுவார் படகுக்காரர். எங்கள் சந்து அகலமே இருக்கும் வாய்க்கால்கள். இருபுறமும் தென்னை, அவரவர் வீட்டு அடுப்படிக்குப் பக்கத்திலேயே நாம் போகிறோம். ஒரு வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் தலையை மட்டும் அசைத்தார். கயிறு திரிப்பதற்காகத் தேங்காய் மட்டையை ஊறப்போட்டிருந்த இடத்தில் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டோம். ஓர் இடத்தில் வாய்க்காலின் குறுக்கே சிறிய சிமெண்டுப் பாலம். படகுக்காரர் சொல்ல, மூவரும் தலையைக் குனிந்துகொண்டோம். அன்று அமாவாசை. மாலையில் அதே வழியில் திரும்பியபோது, காலையில் குனிந்து கடந்த அந்தப் பாலத்தின் அடியில் படகின் பலகையில் சாய்ந்து படுத்துக்கொண்டுதான் போக முடிந்தது. பாலத்தின் அடிப்புறத்தில் ஒட்டியிருந்த சிப்பிகள் என் மூக்குக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் போயின. ஓதம் என்ற சொல்லை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அதன் உயரம் இவ்வளவு என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அந்த ஓதத்துக்கு வேறொரு முகமும் இருக்கிறது. நமக்கு அமாவாசை என்றால் விரதம், காக்கைக்குச் சோறு. அந்தத் தீவில் அமாவாசை, பௌர்ணமி என்றால் முற்றத்தில் உப்புத் தண்ணீர் ஏறும் நாள். பல வீடுகளில் முழங்கால் உயரத்துக்குச் சுவர்ப் பூச்சு உப்பி உதிர்ந்திருக்கிறது. சில வீடுகளைப் பூட்டிவிட்டுக் குடும்பங்கள் கரைக்குப் போய்விட்டன. தென்மலையில் அணை கட்டிய பின்பு ஆற்றில் வண்டல் வருவது குறைந்ததும் இதற்கு ஒரு காரணம் என்று சொல்கிறார்கள். சிப்பிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கரையேறிய எங்களுக்கு, வீட்டுக்கார அம்மாள் அடுப்படிச் சாமான்களைச் செங்கல்லின் மேல் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பெரிய படகு அலையடித்துப் போனால் அந்தச் சுவர்கள் இன்னும் கரையும் என்பதால்தான் இயந்திரப் படகு வேண்டாம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. இத்தகைய இடத்துக்குப் போகிறவர்கள், கையால் தள்ளும் வள்ளத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தங்கள் பத்திரிகை எழுதினால் அது பெரிய உதவியாக இருக்கும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். கப்பை என்னும் மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும் சைவமல்லாதவர்களுக்கு, புட்டும் கடலையும் எல்லோருக்கும். அஷ்டமுடிக் காயலின் மட்டி என்னும் சிப்பி பெயர் பெற்றது என்று கேள்விப்பட்டிருந்ததால் அதைக் கேட்டேன். இப்போது கிடைக்காது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மட்டி இனப்பெருக்கம் செய்யும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அதை எடுப்பதை நிறுத்தி வைக்கிறார்களாம். 2014-இல் இந்தியாவிலேயே முதலாவதாக, நிலைத்த மீன்பிடிப்புக்கான, எம்.எஸ்.சி. என்னும் பன்னாட்டு அமைப்பின் சான்றிதழ் இந்த மட்டித் தொழிலுக்குத்தான் கிடைத்தது. அப்படி நிறுத்தி வைக்கும் வழக்கமும் அதற்கு ஒரு காரணம். நாங்கள் ஊரிலிருந்து தூக்கில் கொண்டுபோயிருந்த தேன்குழலும் மாவுருண்டையும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போயின. மூன்றாம் நாளே தூக்கு காலி.

மற்ற பொழுதில் என்ன செய்தீர்கள் என்று ஊரில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்வதுதான் சிரமமாக இருந்தது. நீர்க்காகம் ஒன்று ஊன்றுகழியின் மேல் உட்கார்ந்து சிறகை விரித்துக் காயவைப்பதை ஒரு முற்பகல் முழுவதும் பார்த்தேன். மனைவியும் அக்காளும் நாற்பது வருடத்துப் பழங்கதைகளைப் பேசி முடித்தார்கள். பகலில் தூங்கினோம். செலவு, முன்பு ஐந்து நாளில் ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதற்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் தங்கள் கட்டுரையின் மௌனம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. நீர்க்கரை விடுமுறை பற்றி இவ்வளவு எழுதியவர், உயிர்காப்பு மேலங்கியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். ஆட்கள் ஒருபக்கமாகத் திரண்டதும் படகு சாய்ந்துவிட்டது. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் பலர். அமைதியான நீர் என்பதாலேயே நாம் அசட்டையாகிவிடுகிறோம். சேலையின் மேல் ஆரஞ்சு நிற அங்கியைக் கட்டிக்கொள்ள எங்கள் அக்காளும் வெட்கப்பட்டார். கட்டாவிட்டால் நான் ஏறவில்லை என்று கரையிலேயே நின்றுகொண்டேன். படகில் அங்கி இல்லை என்றாலோ, ஆள் எண்ணிக்கை மிகுதியாகத் தெரிந்தாலோ, இருட்டிவிட்டாலோ, கொடுத்த காசு போகட்டும் என்று இறங்கிவிடும்படி வாசகர்களுக்குத் தாங்கள் சொல்ல வேண்டும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு ஒன்று சொல்லலாம். எங்கள் மாவட்டத்துத் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களில் 1977 முதல் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைந்த ஆண்டு என்றால், கருவேல மரங்களில் நத்தைக்குத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் குஞ்சு பொரித்திருக்கும். பறவைகள் மிரளும் என்பதற்காக அந்த ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே தங்க விடுதி தேடி அலைய வேண்டாம். ஒரு பாயும் சோற்று மூட்டையும் எடுத்துக்கொண்டு காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். கண்மாய் வற்றிய ஆண்டில் போய்விட்டு ஒன்றுமே இல்லை என்று குறை சொல்லக் கூடாது.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். அடுத்த முறை இத்தகைய கட்டுரையை வெளியிடும்போது, எத்தனை இடம் என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எந்த மாதம் போகலாம், எந்த மாதம் போகக் கூடாது, எந்த நாளில் ரயில், முதியவர்கள் இறங்கும்படி படித்துறை இருக்கிறதா, இரவில் ஜெனரேட்டர் ஓடுமா என்பவற்றை அச்சிடுங்கள். அத்துடன், வேளாங்கண்ணி - எறணாகுளம் ரயிலை நாள்தோறும் இயக்க வேண்டும் என்ற கோரிக்கையைத் தென்னக ரயில்வேயின் கவனத்துக்குத் தங்கள் தலையங்கத்தில் கொண்டுபோனால், காரைக்குடி முதல் அருப்புக்கோட்டை வரையில் இருக்கும் வாசகர்கள் நன்றி பாராட்டுவோம்.

வருகிற மாசியில் நாங்கள் மறுபடி அதே வீட்டுக்குப் போவதாக இருக்கிறோம். முன்பதிவு தொடங்கும் நாளை என் மனைவி நாட்காட்டியில் சிவப்பு மையால் சுழித்து வைத்திருக்கிறார்; அக்காள் இந்த முறை இரண்டு தூக்கு நிறையத் தேன்குழல் சுடப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.